ஆமைக் கூண்டின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணம் போகும் இடத்தில் உயிரியல் பூங்காவுக்கு ஒரு பகல் ஒதுக்குவது பல குடும்பங்களில் வழக்கம். அதைப் பற்றி எழுதுபவர்கள் புலி, யானை, ஒட்டகச்சிவிங்கியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊர்வனப் பகுதி என்றால் ராஜநாகமும் முதலையும் வரும். ஆமைக் கூண்டின் முன் கூட்டம் நிற்பது சில விநாடிகள்தான்; "தூங்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நில ஆமைகளைப் பார்க்க நேரமும் இருக்கிறது, முறையும் இருக்கிறது. தெரிந்து போனால், பூங்காவிலேயே மிக அருகில் நின்று மிக நிதானமாகக் கவனிக்கக் கிடைக்கும் விலங்கு அதுதான். அந்த விவரங்களைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் நேரம். ஆமையால் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. வெயிலிலோ விளக்கின் அடியிலோ கிடந்து சூடேறிய பிறகுதான் மேயக் கிளம்பும். தின்ற புல் செரிப்பதற்கும் அந்தச் சூடு வேண்டும். அதனால் காலையில் முதலில் வெயில் காயும், பிறகு நடக்கும், தின்னும். வெயில் ஏறியதும் நிழலுக்கோ சேற்றுக்கோ ஒதுங்கிவிடும். வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஒரு சுற்று மேயும். வெப்பமான ஊரில் நண்பகலில் போய் நின்றால் அசையாத ஓட்டைத்தான் பார்க்க முடியும். பூங்கா திறந்த முதல் ஒரு மணி நேரமும், மூடுவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் நல்லவை. குளிர் நாட்டில் இது தலைகீழ்: காலையில் கல் போலக் கிடப்பவை நண்பகலில்தான் எழுந்து நடக்கும். காற்றின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும் நேரத்தைக் கைப்பேசியில் பார்த்து அதற்கேற்பப் போனால் எந்த ஊரிலும் பெரும்பாலும் தவறாது.

தீனி போடும் நேரத்தை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல பூங்காக்களில் அது பலகையில் எழுதப்படுவதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். குளிர் நாட்டுக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஹெர்மன் ஆமை, ஹார்ஸ்ஃபீல்டு ஆமை போன்றவை அந்த மாதங்களில் குளிர்கால உறக்கத்தில் இருக்கும். கூண்டு காலியாகத் தெரியும். ராட்சத ஆமைகளை வெப்பமூட்டிய கட்டடத்துக்குள் கொண்டுபோய்விடுவார்கள். அந்தக் கட்டடம் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறதா என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும்.

உள்ளே போனதும் கூண்டின் நடுவைப் பார்க்காதீர்கள். விளிம்புகளைப் பாருங்கள். விளக்கு விழும் வட்டம், சுவரோரம், மரக்கட்டையின் கீழ், புல் குத்துக்குள் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். கென்யா, தான்சானியாவின் பாறைக்குன்றுகளில் வாழும் பான்கேக் ஆமையின் ஓடு தட்டையானது, சற்று வளையக்கூடியது. ஆபத்து என்றால் ஓட்டுக்குள் ஒடுங்காது. ஓடிப்போய்ப் பாறை இடுக்கில் நுழைந்துகொள்ளும். கூண்டில் அடுக்கியிருக்கும் கற்களின் இடைவெளியில் கண்ணை இறக்கினால் ஒரு முன்னங்கால் தெரியும். தென்கிழக்காசியக் காடுகளின் பெரிய பழுப்பு ஆமை நிழலும் ஈரமும் உள்ள மூலையில் இருக்கும். அங்கே சருகுக் குவியல் உயர்ந்திருந்தால் அதைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற நில ஆமைகள் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். இது சருகுகளைக் கூட்டி மேடாக்கி, அதற்குள் முட்டையிட்டு, சில நாட்கள் பக்கத்திலேயே காவலும் நிற்கும். அந்தக் காட்சி கிடைத்தால் மற்றக் கூண்டுகளை மறந்துவிட்டு அங்கேயே நிற்கலாம்.

இனம் கண்டுபிடிப்பது கடினமில்லை. ராட்சத ஆமைகளில் உயிரோடு இருப்பவை இரண்டு வகை: இந்தியப் பெருங்கடலின் அல்டாப்ரா ஆமை, பசிபிக்கின் கலாபகோஸ் ஆமைகள். கழுத்துக்கு நேர் மேலே ஓட்டின் முன்விளிம்பைப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு தனித் தகடு இருந்தால் பெரும்பாலும் அல்டாப்ரா; அந்த இடத்தில் இரண்டு பெரிய தகடுகள் நேராக ஒட்டிக்கொண்டிருந்தால் கலாபகோஸ். அல்டாப்ராவின் தலை சிறியது, மூக்குப் பக்கம் குறுகியது. கலாபகோஸ் ஆமைகளில் வறண்ட தீவுகளிலிருந்து வந்தவற்றின் ஓடு கழுத்துக்கு மேல் குதிரைச் சேணம் போல வளைந்து தூக்கியிருக்கும். உயரத்தில் உள்ள கள்ளியை எட்டிக் கடிக்க அது உதவுகிறது. பசுமையான மலைச்சரிவுகளில் வாழ்ந்தவற்றின் ஓடு உருண்டை.

இந்த இரண்டும் இல்லாமல், மணல் நிறத்தில், தொடையில் பெரிய முட்கள் துருத்திக்கொண்டிருக்கும் கனத்த ஆமை ஒன்றைப் பார்த்தால் அது ஆப்பிரிக்காவின் சல்காட்டா. மக்கள் இதையும் ராட்சத ஆமை என்றே சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பல பூங்காக்களில் இவை நிறைய இருப்பதற்கு ஒரு வருத்தமான காரணம் உண்டு. உள்ளங்கையளவு குஞ்சாக வாங்கி வீட்டில் வளர்ப்பவர்கள், ஆண் ஆமை 80 கிலோவைத் தாண்டவும் கூடும் என்பதையும், பல மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டும் என்பதையும் பிறகுதான் உணர்கிறார்கள். வேலியை முட்டித் தள்ளத் தொடங்கியதும் பூங்கா வாசலில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஏற்றுக்கொள்ள இடமில்லாத பூங்காக்களும் உண்டு.

கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் கதிர்போல விரியும் ஆமைகளில் மூன்றைப் பூங்காக்களில் குழப்பிக்கொள்கிறார்கள். சில இடங்களில் பெயர்ப்பலகையே மாறியிருக்கும். இந்திய நட்சத்திர ஆமைக்கு அடிப்பக்க ஓட்டிலும் கதிர்கள் இருக்கும். மியான்மர் நட்சத்திர ஆமைக்கு மேலே தகடு ஒன்றுக்குக் கோடுகள் குறைவு, ஆறுக்குள் அடங்கும். அடிப்பக்கத்தில் கதிர்கள் இராது, கரும்திட்டுகள்தான். மடகாஸ்கரின் கதிர் ஆமை உருவில் பெரியது, ஓடு உயர்ந்த கும்பா வடிவம், தலையிலும் கால்களிலும் மஞ்சள் தூக்கலாகத் தெரியும், கழுத்துக்கு மேல் அந்தச் சின்னத் தகடும் உண்டு. மற்ற இரண்டுக்கும் அது இல்லை. ஆண், பெண் அறிய வாலைப் பாருங்கள்: ஆணின் வால் நீளமானது, அடிவயிற்று ஓடு உட்குழிந்திருக்கும்.

வயதைச் சொல்லும் பலகைகளைக் கொஞ்சம் நிதானத்தோடு படிக்க வேண்டும். தகட்டு வளையங்களை எண்ணி வயது சொல்ல முடியாது. தீனி நன்றாகக் கிடைத்த ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையம் விழும், முதிர்ந்த ஆமையில் வளையங்கள் தேய்ந்து மழுங்கிவிடும். நம்பத்தக்கது எழுத்துப் பதிவு மட்டுமே. கொல்கத்தா அலிப்பூர் பூங்காவில் 2006-இல் இறந்த அத்வைதா என்ற அல்டாப்ரா ஆமைக்கு 250 வயதுக்கு மேல் என்று சொல்லப்பட்டது. அது உறுதி செய்யப்பட்ட கணக்கல்ல. செயின்ட் ஹெலினா தீவின் ஜோனதன் 1882-இல் அங்கே வந்தபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்தது. முழு வளர்ச்சிக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் என்று வைத்துத்தான் 1832 என்ற பிறப்பாண்டு சொல்லப்படுகிறது. ஆஸ்திரேலியா ஜூவில் 2006-இல் இறந்த ஹாரியட்டை டார்வின் கொண்டுவந்தார் என்று வெகுகாலம் நம்பினார்கள். மரபணுவைப் பார்த்தால் அது கலாபகோஸின் சாண்டா குரூஸ் தீவின் ஆமை. டார்வின் அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை.

இனி, முக்கியமானதாக நான் கருதும் பகுதிக்கு வருகிறேன். ஒரு ஆமை நன்றாகப் பராமரிக்கப்படுகிறதா என்பதை வேலிக்கு வெளியே நின்றே பெருமளவு சொல்லிவிட முடியும்.

ஓட்டின் தகடுகள் ஒவ்வொன்றும் கூம்பு கூம்பாக எழும்பியிருந்தால், குஞ்சாக இருந்தபோது வளர்ப்பு சரியில்லை என்று பொருள். முன்பு இதற்குப் புரதம் மிகுந்த தீனியைக் காரணம் சொன்னார்கள். சல்காட்டா குஞ்சுகளை வைத்து நடத்தி 2003-இல் வெளியான ஆய்வில் காற்றின் ஈரம் போதாமையே பெரிய காரணமாகத் தெரிந்தது. இன்று வளர்ப்பவர்கள் குஞ்சுகளை ஈரமான மண்ணில், ஈரம் தங்கும் மறைவிடத்தோடு வைக்கிறார்கள். இந்தக் கூம்புகள் ஒருமுறை வந்தால் மறையாது. ஆகவே கூம்பைப் பார்த்ததும் பூங்காவைத் திட்டிவிடக் கூடாது. கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதலான ஆமைகளும், வீட்டில் வளர்த்துக் கைவிட்ட ஆமைகளும்தான் பல கூண்டுகளில் இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடம் தகடுகளுக்கு நடுவே உள்ள பொருத்துக் கோடு. அங்கே வெளிர் நிறத்தில் தெரியும் புதிய வளர்ச்சி சமமாக, வழவழப்பாக இருந்தால் இப்போதைய பராமரிப்பு நன்றாக இருக்கிறது. புது வளர்ச்சியும் பள்ளமாக இறங்கினால், கேள்வி கேட்கத் தகுந்த இடம் அது.

அடுத்து ஒளி. ஓடும் எலும்பும் உறுதியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதை உடல் எடுத்துக்கொள்ள டி3 வைட்டமின் வேண்டும். அது தோலில் உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். கண்ணாடிக் கூரை வழியே வெளிச்சம் கொட்டுகிறதே என்று திருப்திப்பட்டுவிட முடியாது. வெளியே வெயில் படும் முற்றத்துக்குப் போகக் கதவு இருக்கிறதா, இல்லையென்றால் புற ஊதா விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விளக்குகளில் ஒரு சிக்கல்: ஆறு மாதம் முதல் ஓராண்டில் பலவற்றின் புற ஊதாக் கதிர் குறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமோ அப்படியே இருக்கும். நல்ல பூங்காவில் கதிரை அளக்கும் கருவி வைத்துச் சோதித்து மாற்றுவார்கள். சத்துக் குறைந்தால் ஓடு மிருதுவாகும், விளிம்பு மேல்நோக்கி வளையும், கால்கள் உடலைத் தூக்க முடியாமல் வயிற்றால் இழுத்து நகரும்.

ஆமை எங்கே படுத்திருக்கிறது என்பதும் ஒரு செய்தி. வெயில் காயும் இடத்தின் தரை 35 முதல் 40 டிகிரி, மறுமுனை 25 டிகிரிக்குக் கீழ் என்று இரண்டும் இருந்தால், ஆமை தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளும். எல்லா ஆமைகளும் விளக்கின் அடியில் நெருக்கியடித்துக் கிடந்தால் மற்ற இடம் குளிர்ந்துபோயிருக்கிறது. எல்லாம் விளக்கை விட்டு எட்டத்தில் இருந்தால் விளக்கு அளவுக்கு மேல் சுடுகிறது, அல்லது மிகத் தாழ்வாகத் தொங்குகிறது. மேலோட்டின் உச்சியில் வெளுத்த தழும்பு இருந்தால் அது விளக்கால் வந்த தீப்புண்ணாக இருக்கலாம்.

கண்ணாடிச் சுவரை ஒட்டி இடைவிடாமல் முட்டி முட்டி நடக்கும் ஆமையைப் பார்த்து "எவ்வளவு சுறுசுறுப்பு" என்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணாடி ஒரு தடை என்பது அதற்குப் புரிவதில்லை, போய்க்கொண்டே இருக்கப் பார்க்கிறது. கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் ஆமையின் கண் உயரத்துக்கு ஒளிபுகாப் பட்டை ஒட்டினால் பெரும்பாலும் குறைந்துவிடும். மிகச் சிறிய செலவு; எத்தனையோ பூங்காக்கள் செய்யாமல் விட்டிருக்கின்றன. அலகு கிளி மூக்கு போல நீண்டு வளைந்திருந்தால் தீனி மிருதுவாக இருக்கிறது. நகம் சுருண்டிருந்தால் தரை வழவழப்பாக இருக்கிறது. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு விடுதல் ஆகியவை சுவாச நோயின் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் அங்கேயே பணியாளரிடம் சொல்ல வேண்டும்.

ஆமை மல்லாந்து கிடப்பது அதைவிட அவசரம். நுரையீரல் மேலோட்டை ஒட்டியே இருக்கிறது. மல்லாந்தால் குடலின் எடை முழுவதும் அதன்மேல் இறங்கும். வெயிலில் என்றால் உடல் வேகமாகச் சூடேறும். தானே புரண்டுவிடும் என்று காத்திருந்து வீடியோ எடுக்காதீர்கள், வேலி தாண்டிக் குதிக்கவும் வேண்டாம். ஓடிப்போய் ஆளை அழையுங்கள். இதற்கு மாறாக, ஒரு பெரிய ஆமை இன்னொன்றின்மேல் ஏறி உறுமிக்கொண்டிருந்தால் அது இணைசேர்தல். ஒன்றின் ஓட்டை மற்றொன்று இடிப்பதும் ஆண்களிடம் இயல்பு. துரத்தப்படும் ஆமை ஒதுங்க இடமில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டால் மட்டும் சொல்லுங்கள்.

பார்வையாளர்கள் செய்யும் தீங்குகளில் முதலிடம் தீனி போடுவதற்கு. நில ஆமைகள் பெரும்பாலானவற்றின் குடல் நார் மிகுந்த புல்லை நுண்ணுயிர்களின் உதவியோடு நொதிக்கவைத்துச் செரிக்கும் குடல். பழம், ரொட்டி, பிஸ்கட் உள்ளே போனால் அந்த நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து வயிறு உப்பும், கழிச்சல் வரும். சிவப்பும் மஞ்சளும் ஆமையின் கண்ணை ஈர்க்கும் நிறங்கள்; கீழே விழுந்த பிளாஸ்டிக் மூடியைப் பூவென்று கடித்து விழுங்கிவிடும். தொட்டித் தண்ணீரில் நாணயம் எறிவது இன்னும் கொடியது. தாய்லாந்தில் குளத்தில் எறிந்த 915 நாணயங்களை விழுங்கிய ஒரு கடல் ஆமை, அறுவை செய்து அவற்றை எடுத்த பிறகும் 2017 மார்ச்சில் இறந்துபோனது. கண்ணாடியைத் தட்டுவதையும் விட்டுவிட வேண்டும்: உயர்ந்த ஒலி ஆமைக்கு எட்டாவிட்டாலும் தாழ்ந்த ஒலியையும் அதிர்வையும் நன்றாக உணரும். ஓட்டின்மேல் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுப்பது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. ஓடு என்பது ஆமை போட்டுக்கொண்ட கவசம் அல்ல. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும்தான் விரிந்து ஓடாகியிருக்கின்றன. அதில் நரம்பு ஓடுகிறது, தொடுவது தெரிகிறது.

சில பூங்காக்களில் ராட்சத ஆமைகளைத் தொட்டுப் பார்க்கப் பணியாளர் துணையோடு அனுமதி உண்டு. அங்கே முன்பக்கமாக, ஆமை பார்க்கும்படி மெதுவாகப் போங்கள். பின்னாலிருந்து தொட்டால் சீறிக்கொண்டு தலையை இழுத்துக்கொள்ளும், அந்த நாளில் உங்களுக்கு அது கழுத்து நீட்டாது. கழுத்தின் பக்கங்களையும் பின்கால் ஓரத்தையும் இதமாகச் சொறிந்தால், நான்கு கால்களிலும் உயர எழுந்து கழுத்தை நீட்டி அசையாமல் நிற்கும். கலாபகோஸ் தீவுகளில் குருவிகள் வந்து உண்ணி கொத்த இப்படித்தான் நின்றுகொடுக்கும். ஆமைக்கும் சுவருக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். அல்டாப்ரா ஆண் 250 கிலோ வரை வளரும், நடக்கத் தொடங்கினால் உங்கள் காலுக்காக நிற்காது.

தொட்ட பின் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவியே ஆக வேண்டும். நோய் ஏதும் தெரியாத ஆமையிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தண்ணீரில்லாமல் கையில் தேய்க்கும் கிருமிநாசினி, குழாய் கிடைக்கும் வரைக்கான மாற்று மட்டுமே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாமல் இருப்பது நல்லது. சின்ன ஆமைகளைக் குழந்தைகள் வாயில் வைத்து நோய்வாய்ப்பட்டதால்தான், ஓட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை போட்டது.

படம் எடுக்க ஃபிளாஷை அணைத்துவிட்டு, லென்சைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், எதிரொளி விழாது. உயரத்திலிருந்து எடுத்தால் ஓடு மட்டும் விழும். மண்டியிட்டு ஆமையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள்.

கூண்டில் இருக்கும் இந்த ஆமைகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு எஸ்பனோலா தீவின் கதையைச் சொல்லலாம். அந்தக் கலாபகோஸ் தீவில் 12 பெண், 2 ஆண் என்று 14 ஆமைகளே மிஞ்சியிருந்தன. சான் டியாகோ பூங்காவில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்த டியகோ என்ற ஆண் அந்த இனம் என்று தெரிந்து, 1970-களில் கலாபகோஸில் உள்ள இனப்பெருக்க நிலையத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அந்த 15 ஆமைகளின் வழியில் வந்த ஏறத்தாழ 2,000 ஆமைகள் தீவில் விடப்பட்டன. டியகோ 2020 ஜூனில் தானும் எஸ்பனோலா தீவுக்கே திரும்பியது. ஃபிலடெல்ஃபியா பூங்காவில் 1932 முதல் இருந்துவரும், நூறு வயதை நெருங்கிய பெண் கலாபகோஸ் ஆமை 2025-இல் முதன்முறையாகத் தாயானது. இப்படி முட்டை கிடைக்கும்போது ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் வெப்பம் முடிவு செய்கிறது: கலாபகோஸ் முட்டைகளை 28 டிகிரியில் வைத்தால் ஆண், 29.5 டிகிரியில் வைத்தால் பெண். ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஓர் இனத்தின் எதிர்காலம் இருக்கிறது. மடகாஸ்கரின் அங்கனோகா ஆமை ஓட்டில் எண்ணும் எழுத்தும் பொறித்திருப்பதைக் கண்டால் அதைக் கொடுமை என்று எண்ண வேண்டாம். ஓட்டின் அழகைக் கெடுத்துக் கடத்தல்காரனுக்கு விலைபோகாமல் செய்யும் ஏற்பாடு அது. இந்திய நட்சத்திர ஆமையும் பான்கேக் ஆமையும் 2019 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. காட்டிலிருந்து பிடித்தவற்றை நாடுகளுக்கிடையே வணிகம் செய்யக் கூடாது. பயணத்தில் எந்தச் சந்தையில் யார் நீட்டினாலும் ஆமைக் குஞ்சையோ ஓட்டையோ வாங்காதீர்கள்.

குறை கண்டால் பூங்கா நிர்வாகத்துக்கு எழுதுங்கள். "ஆமைகள் பரிதாபமாக இருக்கின்றன" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. பலகையில் உள்ள இனப்பெயர், கூண்டின் இடம், நாள், நேரம், அன்றைய வெயில் நிலை, பார்த்தது எவ்வளவு நேரம், ஆமை என்ன செய்தது ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஓட்டைப் பற்றிய குறை என்றால் பொருத்துக் கோடுகள் தெளிவாகத் தெரியும் படமும், தலையும் மூக்கும் தெரியும் படமும் சேர்த்து அனுப்புங்கள். அந்த விவரங்களை வைத்துக் கால்நடை மருத்துவரால் உடனே பரிசோதிக்க முடியும்.

பூங்காக்களை நடத்துவோருக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஆமைக் கூண்டின் பலகையில் இனப்பெயரும் நாடும் மட்டும் போதாது. எந்த நேரத்தில் நடமாடும், எங்கே ஒளிந்திருக்கும், எப்போது தீனி, இந்த ஆமை பிறந்தது இங்கேயா அல்லது பறிமுதலாகி வந்ததா, ஓடு கூம்பியிருந்தால் ஏன் என்ற ஐந்து விவரங்களைச் சேருங்கள். மல்லாந்த ஆமையைப் பார்த்தவர் யாரை அழைப்பது என்ற எண்ணும் அதே பலகையில், குழந்தையின் கண் எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஊர்வனப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகர்